இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு நன்றி

‘மதிப்பீட்டாளரின் மேலான கருத்துக்கு மிக்க நன்றி’ என்று ஆறாவது முறையாகத் தட்டச்சு செய்தபோது அவளுக்குப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றியது. கடிக்கவும் செய்தாள். சனிக்கிழமை மதியம். கல்லூரியின் சுற்றுலாத் துறை ஆசிரியர் அறையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. மேசைமேல் இன்னும் திருத்தாத விடைத்தாள் கட்டு, ஆறி ஆடை கட்டிய தேநீர், மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் ஸ்டேப்ளரைத் தூக்கி மேலே வைத்த நான்கு பக்கங்கள். அந்த நான்கு பக்கமும் இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதி அனுப்பியவை. அவர் ஆணா பெண்ணா, எந்தத் தேசம், எந்தக் கல்லூரி, எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் விதி.

ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் உலகத்தில் இது ஒரு சம்பிரதாயம். முகம் தெரியாத ஒருவர் உங்கள் இரண்டு வருட உழைப்பை நார்நாராகக் கிழித்துப் போடுவார். நீங்கள் அந்தக் கிழிசல் ஒவ்வொன்றையும் குனிந்து பொறுக்கி, எண் போட்டு, முதலில் நன்றி சொல்லி, பிறகு ‘தாங்கள் சுட்டியபடியே திருத்திவிட்டோம்’ என்று பணிவாக எழுத வேண்டும். அவர் சொன்னது சுத்த அபத்தமாக இருந்தாலும் நன்றிதான். கோபம் வந்தால் அதை வீட்டில் பாத்திரங்கள்மீது காட்டிக்கொள்ளலாம். மறுமொழியில் காட்டக் கூடாது. அவளுடைய வீட்டில் இரண்டு கிண்ணங்கள் ஏற்கெனவே நெளிந்திருந்தன.

நீடித்த சுற்றுலா பற்றி வெளிவரும் ஆய்விதழ்களில் அது நல்ல பெயருள்ளது. அதில் ஒரு கட்டுரை வந்துவிட்டால் ‘தற்காலிக விரிவுரையாளர்’ என்ற பட்டத்தைக் கழற்றி எறிந்துவிடலாம். நிரந்தரப் பணிக்கான நேர்முகத் தேர்வு அடுத்த மாதம். ஆய்விதழின் ஏற்புக் கடிதம் கையில் இருந்தால்தான் உள்ளேயே கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் பழைய கதைதான்: விடுமுறை வந்தால் சம்பளம் நின்றுபோகும், பருவம் தொடங்கினால் நீட்டிப்புக்கு ஒரு கையெழுத்து வேண்டித் துறைத்தலைவர் அறை வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க வேண்டும். நாற்பதை நெருங்குகிற பெண் இன்னமும் மாணவி மாதிரி வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டுரை ஒரு மலை ஏரியைப் பற்றியது. ஏரியைச் சுற்றி விடுதிகள். ஒவ்வொரு விடுதி வாசலிலும் பச்சை இலை வரைந்த பலகை; சுற்றுச்சூழலுக்குத் தீங்கு செய்யாத விடுதி என்று ஒரு குழு பார்த்துக் கொடுத்த சான்று. அறைக்குள் போனால் கட்டில்மேல் ஓர் அட்டை இருக்கும்: துண்டை மறுபடியும் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள். இதையெல்லாம் அவளும் முதலில் நம்பித்தான் போனாள். சரிவில் விடுதிகளுக்குக் கீழே இருந்த குடியிருப்பில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டபோது, அந்த வீட்டுக்காரி அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு மீதியை மூடி வைத்தாள். அங்கிருந்துதான் ஆராய்ச்சி தொடங்கியது. இரண்டு கோடைகள், நீர்மட்டம் அளக்கக் கயிற்றின் முனையில் இரும்புக் குண்டைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாக ஏறி இறங்கினாள். விடுதிகளின் ஆழ்துளைக் குழாய்கள் உறிஞ்ச உறிஞ்ச, கீழே இருந்த கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றியிருந்தன. கட்டுரையின் நான்காம் பகுதி முழுக்க அதுதான். அது இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை விடுதிகளுக்கான விளம்பரம்.

முதல் மதிப்பீட்டாளர் தங்கமான மனிதர். ‘தெளிவான ஆய்வு, படங்களைக் கொஞ்சம் பெரிதாக்கவும்’ என்று அரைப் பக்கத்தில் முடித்துக்கொண்டார். இரண்டாமவர்தான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தலைப்பு சரியில்லை. முன்னுரை நீளம். பசுமைச் சான்றுகளைப் புகழும் ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டவில்லை. ஆறாவது குறிப்பு இது: ‘கிணறுகள் பற்றிய நான்காம் பகுதி சுற்றுலா ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நீக்கிவிட்டால் கட்டுரை மேம்படும்.’

அதற்கும் நன்றி சொன்னாள். முழுவதும் நீக்க மனம் வராமல் பூசி மெழுகப் பார்த்தாள். ‘கிணறுகள் வற்றின’ என்று இருந்ததை ‘நீர்மட்டத்தில் பருவகால மாற்றங்கள் காணப்பட்டன’ என்று மாற்றினாள். மாற்றிவிட்டுப் படித்துப் பார்த்தபோது வாய் கசந்தது. அரை டம்ளர் தண்ணீர் கொடுத்தவள் முன்னால் நின்று இந்த வாக்கியத்தைச் சொல்ல முடியுமா என்று நினைத்தாள். அடுத்த மாத நேர்முகத் தேர்வையும் நினைத்தாள். வாக்கியம் அப்படியே இருந்தது.

ஏழாவது குறிப்பு: ‘அட்டவணை ஐந்தில் தரப்பட்டுள்ள பம்பு ஓடும் நேரங்கள், ஒரு விடுதியின் சலவைப் பிரிவு ஊழியர் ஒருவரின் வாய்மொழியை மட்டுமே நம்பியவை. இத்தகைய தரவை ஏற்க இயலாது.’

வழக்கம்போல முதலில் நன்றியைத் தட்டிவிட்டு, பதில் எழுதுவதற்காகக் கட்டுரையில் அட்டவணை ஐந்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே போனாள். ஆய்விதழின் இணையதளத்தில் தான் பதிவேற்றியிருந்த பிரதியையே திறந்து பார்த்தாள். அட்டவணைகள் நான்குதான் இருந்தன.

விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அட்டவணை ஐந்து ஒரு காலத்தில் இருந்தது, உண்மைதான். பெரிய விடுதி ஒன்றில் சலவைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருத்தி, பம்பு அறைச் சாவி அவளிடம்தான் இருக்கும், எந்தெந்த நேரத்தில் பம்பு ஓடுகிறது என்று விரல் விட்டுச் சொல்லியிருந்தாள். அதைத்தான் ஐந்தாவது அட்டவணையாகப் போட்டிருந்தாள். பிறகு ஒருநாள் அந்த அக்கா போனில் கூப்பிட்டு, யோசித்துப் பார்த்தால் பயமாக இருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிடுங்கள் டீச்சர் என்றாள். கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிட்டாள். ‘யாருக்கும் காட்டலையே?’ என்று அந்த அக்கா கேட்டபோது, ‘இல்லக்கா, யாருக்கும் காட்டல’ என்று வாய் கூசாமல் சொன்னாள்.

ஒருவருக்குக் காட்டியிருந்தாள். அட்டவணை இருந்த முதல் வரைவைத் துறைத்தலைவரிடம் படிக்கக் கொடுத்திருந்தாள். துறையில் யார் எதை எழுதினாலும் முதலில் அவர் கண்ணில் பட வேண்டும்; அதுதான் அங்கே பழக்கம். கடவுளுக்குக் காட்டிவிட்டு வருவதுபோல, அவருக்குக் காட்டியதை யாரும் காட்டியதாகவே கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, காற்புள்ளிகளுக்கு மட்டும் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ‘நல்லா வந்திருக்கும்மா’ என்றார். ஏரிக்கரை விடுதிகளுக்குப் பச்சை இலை கொடுக்கும் குழுவுக்கு அவர்தான் ஆலோசகர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை இலைச் சின்னம் குத்தியிருப்பார். ஆசிரியர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ‘பச்சை சார்’ என்பார்கள். அவளும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு முகம் கிடைத்துவிட்டது.

அங்கேயே நின்றபடி சலவைக்கார அக்காவுக்குப் போன் போட்டாள். வெகு நேரம் அடித்த பிறகுதான் எடுத்தாள்.

“நல்லா இருக்கீங்களாக்கா? அங்க ஏதும் பிரச்சினை இல்லையே?”

“இருக்கு. பம்பு ரூம் சாவிய வாங்கிட்டாங்க. சலவையில இருந்தும் எடுத்துட்டாங்க. இப்ப தோட்டத்துல இலை பெருக்குறேன். சீசன் முடிஞ்சா அதுவும் இருக்குமா தெரியல.”

“எப்ப இருந்து?”

“ஒரு மாசம் ஆகுது. ‘நீ யார்கிட்ட என்ன சொன்ன’ன்னு மேனேஜர் என்னக் கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லலன்னேன். அவரு ஒவ்வொரு நேரமா வாசிச்சுக் காட்டுறாரு, டீச்சர். நான் உங்ககிட்ட சொன்ன அதே நேரம், அப்படியே.”

“அக்கா...”

“யாருக்கும் காட்டலன்னு சொன்னீங்க,” என்றாள் அந்த அக்கா. திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கணினியில் ஏழாவது நன்றிக்குப் பின்னால் கர்சர் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. அப்படியே மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். ஞாயிறு முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்மேலும் கோபம் வந்தது. ஆனால் தன்மேல் வந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஆள் தப்பித்துவிடுவான் என்றும் தோன்றியது. அவளுடைய மனதில் ‘அவர்’ ‘அவன்’ ஆனது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

திங்கட்கிழமை காலை துறைத்தலைவர் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, வழக்கமான அன்போடு எதிர் நாற்காலியைக் காட்டினார். ஜன்னலோரம் பிளாஸ்டிக் செடி ஒன்று தூசி படிந்து நின்றது.

“வாம்மா. கட்டுரை என்னாச்சு? பதில் வந்துச்சா?”

“வந்துச்சு சார். திருத்தம் கேட்டிருக்காங்க.”

“நல்ல விஷயம்தானே. சொன்னத எல்லாம் செஞ்சு சீக்கிரம் அனுப்பிடுங்க. நேர்முகத் தேர்வுக்கு முன்னாடி வந்துடும்.”

“அட்டவணை அஞ்சு சரியில்லன்னு எழுதியிருக்காங்க சார். நான் அனுப்புன கட்டுரையில அட்டவணை அஞ்சே கிடையாது. உங்ககிட்ட குடுத்ததுலதான் இருந்துச்சு.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ஒரு கண்ணாடியைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. நேரே பதிவேற்றிய பிரதியைத் திறந்து படிக்காமல், ஏற்கெனவே படித்ததுதானே என்ற சோம்பேறித்தனத்தில் பழைய வரைவை வைத்தே குறிப்பு எழுதிவிட்டார் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு வருட உழைப்பை அறுக்க வந்தவருக்கு அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. மறுப்பார் என்று நினைத்தாள். மறுக்கவில்லை.

“இது ரொம்பச் சின்ன உலகம்மா,” என்றார். “இந்தத் தலைப்புல படிச்சுச் சொல்ல எத்தன பேர் இருக்காங்க? பத்திரிகைக்காரங்க எங்கிட்டதான் அனுப்புவாங்க. நான் வேண்டாம்னு எழுதியிருந்தா அன்னிக்கே முடிஞ்சுபோயிருக்கும். திருத்தம்னுதானே எழுதினேன்? உங்களுக்காகத்தான் எழுதினேன்.”

“எனக்காகவா?”

“பின்ன? நாலாம் பகுதிய எடுத்துடுங்க. ரெண்டே நாள்ல நான் சரின்னு அனுப்பிடறேன். தேர்வுக் குழுவுலயும் நான்தான் உக்காந்திருக்கப் போறேன். கிணறு எங்க ஓடிப்போகுது? வேலை நிரந்தரமான பிறகு அதப் பத்தித் தனியா எழுதிக்கலாம்.”

அவர் சொன்னதில் மிரட்டல் எதுவும் இல்லை; உண்மையாகவே தயவு செய்கிறவர்போல்தான் பேசினார். அதுதான் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து வீசினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் கை கணக்குப் போட்டது.

“சலவைக்கார அக்காகிட்ட இருந்து சாவிய வாங்கிட்டாங்க சார். இலை பெருக்க விட்டிருக்காங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புருவத்தைச் சுருக்கினார்.

“யாரு அது?” என்றார்.

நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எங்கோ ஒரு கூட்டத்தில், தேநீர் இடைவேளையில், உங்கள் பம்பு நேரம் எல்லாம் வெளியே போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். தாளையும் நீட்டியிருப்பார். அது எந்த வீட்டு அடுப்பில் போய் விழுந்தது என்று திரும்பிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அவள் எழுந்து வந்துவிட்டாள். கதவை அறைந்து சாத்த நினைத்தாள். அது தானாக மெல்ல மூடிக்கொள்ளும் கதவு, அதற்கும் கொடுத்துவைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவன் மருந்துக்கடையிலிருந்து வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தாள் என்பதைவிட அடித்தாள் என்று சொல்லலாம். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டான்.

“என்ன செய்யப் போற?”

“நீங்க சொல்லுங்க.”

“வேலை முக்கியம்னு சொன்னா என்னத் திட்டுவ. முக்கியமில்லன்னு சொன்னா அது பொய்.” அவன் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினான். “நாலாம் பகுதிய எடுத்தா வேலை கிடைச்சிடும். சரி. கிடைச்ச பிறகு தினமும் அந்தாள் முகத்துலதான் முழிக்கணும். அவனுக்கு நன்றி சொல்லிக்கிட்டே இருக்கணும். முடியுமா உன்னால?”

“முடியாது.”

“அப்ப எங்கிட்ட ஏன் கேக்குற?”

“அந்த அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்காது. நான் என்ன எழுதினாலும் கிடைக்காது. அதுதான்...” அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. மடித்த சட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு அதை மறுபடி மடித்தாள்.

“கிடைக்காதுதான்,” என்றான் அவன். மீதித் துணியைத் தன் பக்கம் இழுத்து அவனும் மடிக்க ஆரம்பித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் வகுப்புக்கு முன்னால் ஆசிரியர் அறையில் உட்கார்ந்தாள். சுற்றிலும் சக ஆசிரியர்கள் வருகைப்பதிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் வேலையாக ‘பருவகால மாற்றங்கள்’ என்று எழுதியதை அழித்துவிட்டு ‘கிணறுகள் வற்றின’ என்று பழையபடி எழுதினாள். பிறகு மறுமொழிக் கடிதத்தைத் திறந்தாள். முதல் மதிப்பீட்டாளருக்குச் சொன்ன நன்றியை அப்படியே வைத்துக்கொண்டாள். இரண்டாமவருக்குச் சொன்ன நன்றிகளை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள். வெயில் நாளில் உடம்பிலிருந்து கம்பளியை உருவிப் போடுவது மாதிரி இருந்தது. ஏழாவது குறிப்புக்கு இப்படிப் பதில் எழுதினாள்:

‘இந்தக் கட்டுரையில் நான்கு அட்டவணைகள் மட்டுமே உள்ளன. மதிப்பீட்டாளர் குறிப்பிடும் ஐந்தாவது அட்டவணை, கட்டுரையை அனுப்புவதற்கு முன் எழுதிய வரைவில் இருந்தது. தகவல் தந்தவரின் பாதுகாப்புக்காக நீக்கப்பட்டது. அந்த வரைவைப் படித்தவர் என் துறைத்தலைவர் ஒருவர் மட்டுமே. கட்டுரையில் விமர்சிக்கப்படும் விடுதிகளுக்குச் சான்று வழங்கும் குழுவின் ஆலோசகரும் அவரே. அந்த அட்டவணையின் விவரங்கள் விடுதி நிர்வாகத்தின் கையில் கிடைத்து, தகவல் தந்தவர் தன் பொறுப்பை இழந்திருக்கிறார். நான்காம் பகுதியை நீக்க மாட்டேன்.’

இரண்டு முறை படித்தாள். இன்னும் கடுமையாக எழுதலாம் என்று கை அரித்தது. ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூட யாராலும் பிடித்து இழுக்க முடியாது, அப்படியே விட்டாள். மறுமொழி முதலில் ஆய்விதழின் ஆசிரியருக்குப் போகும், அங்கிருந்து திருத்திய கட்டுரையோடு சேர்த்து அதே மதிப்பீட்டாளர்களுக்கும் அனுப்புவார்கள். அதுதான் நடைமுறை. அவரும் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் அனுப்பினாள்.

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. சலவைக்கார அக்கா அன்றும் போனை எடுக்கவில்லை. ‘தப்பு என்னுதுதான்க்கா. நடந்தத மறைக்காம பத்திரிகைக்கு எழுதிட்டேன். சனிக்கிழமை அங்க வர்றேன், நேர்ல திட்டுங்க’ என்று செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

வியாழக்கிழமை அவள் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தாங்குதிறன் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும், அதற்குமேல் போனால் முதலில் எது உடையும் என்று கேட்டுவிட்டு, கரும்பலகையில் ஏரியும் சரிவும் வரைந்து, சரிவில் கிணறுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் பெஞ்சுகள் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன. வகுப்பு முழுவதும் எழுந்து நிற்கும் சத்தம் அது. துறைத்தலைவர் வந்தால்தான் அப்படி எழுந்து நிற்பார்கள்.

திரும்பிப் பார்க்காமல் வரைந்துகொண்டிருந்த கிணற்றை முடித்தாள்.

“கொஞ்சம் வெளிய வர்றீங்களா?” என்றது வாசல் பக்கமிருந்து அவர் குரல். அதில் வழக்கமான ‘அம்மா’ இல்லை.

“வகுப்பு நடக்குது சார். முடிஞ்சதும் வர்றேன்.”

“இப்பவே வரணும்.”

அவள் திரும்பினாள். அவர் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றார். கையில் மடித்த தாள், அவளுடைய மறுமொழிதான். சட்டைப் பையில் பச்சை இலை. முகம் நன்றாகச் சிவந்திருந்தது. அறுபது மாணவர்கள் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாரும் உக்காருங்க,” என்றாள்.

யாரும் உட்காரவில்லை. துறைத்தலைவர் நிற்கும்போது உட்கார அங்கே யாருக்கும் பழக்கமில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நடு வரிசையில் ஒரு பெண், பாடத்தில் எப்போதும் தூங்கி வழிகிறவள், வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்து, பலகையில் இருந்த ஏரியை வரைவதற்காக மெல்ல உட்கார்ந்தாள்.